ஏலத்தில் போன வீட்டுக்கு எது விலை?

புது தில்லி: வங்கிக் கடனைத் திருப்பிச் செலுத்த இயலாமல் வீட்டை ஏலத்தில் பறிகொடுத்தவரிடம், அந்த விற்பனையில் "ஆதாயம்" அடைந்ததாகக் கூறி வரி கேட்கவும் வருமான வரிச் சட்டத்தில் இடமுண்டு. ஏலத் தொகை முழுவதும் வங்கிக்கே சென்றிருந்தாலும் இதில் மாற்றமில்லை. உரிமையாளர் தாமே அடமானம் வைத்த சொத்து எனில், கடனுக்குப் போன தொகையை ஆதாயக் கணக்கில் கழித்துக்கொள்ள முடியாது என்று ஆட்டிலி என். ராவ் வழக்கில் 2001-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

வரி உண்டு என்றாகிவிட்ட பிறகு, விலை எது என்ற கேள்வி எழுகிறது. ஏலம் கேட்கப்பட்ட தொகையா, அரசு நிர்ணயித்த மதிப்பா? தமிழகத்தில் வழிகாட்டி மதிப்பு, தில்லியில் சர்க்கிள் ரேட், மகாராஷ்டிரத்தில் ரெடி ரெக்கனர் என அழைக்கப்படுவது இதுவே.

குழப்பத்தின் தொடக்கம் 2002. கறுப்புப் பணத்தைத் தடுக்கும் நோக்கில் அவ்வாண்டு நிதிச் சட்டம் 50-சி பிரிவைப் புகுத்தியது. முத்திரைத் தீர்வைக்கான மதிப்பைவிடக் குறைவாக நிலமோ கட்டடமோ விற்கப்பட்டால், அந்த மதிப்பே விற்பனை விலையாகக் கொள்ளப்படும். அதே ஆண்டு இறுதியில், நீதிமன்றப் படியேறாமல் அடமானச் சொத்தை விற்க வங்கிகளுக்கு அதிகாரமளிக்கும் சர்பாசி சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியது. இரண்டையும் ஒருசேர வைத்துப் பார்த்ததாகத் தெரியவில்லை. பகிரங்க ஏலத்தில் கறுப்பில் பணம் வாங்க கடனாளிக்கு ஏது வழி?

ஏல விலை குறைவதற்குக் காரணங்கள் உண்டு. வீட்டில் குடியிருப்போர் காலி செய்ய மறுக்கலாம். வழக்கு நிலுவையில் இருக்கலாம். ஏலம் எடுத்தவர் 25 சதவீதத்தை உடனடியாகவும், எஞ்சியதை விற்பனை உறுதியான 15 நாளிலும் செலுத்த வேண்டும். அவகாசம் நீட்டிக்கப்பட்டாலும் மூன்று மாதத்தைத் தாண்டக் கூடாது.

உதாரணமாக, வழிகாட்டி மதிப்பு 80 லட்ச ரூபாயாக உள்ள வீடு 60 லட்சத்துக்கு ஏலம் போகிறது என்று வைத்துக்கொள்வோம். சட்டத்தின் சொற்களை அப்படியே பொருத்தினால், கடனாளி 80 லட்சத்துக்கு விற்றவராகிறார். வாங்கியவரோ, 2017-ல் வந்த பிரிவின்படி, வித்தியாசமான 20 லட்சத்தை "பிற வருவாய்" என்று கணக்கில் காட்ட நேரும். யார் கைக்கும் வராத ஒரே தொகைக்கு இரு பக்கமும் வரி! வித்தியாசம் 10 சதவீதத்துக்குள் இருந்தால் விலக்கு உண்டு. மதிப்பீட்டு அதிகாரியிடம் அனுப்பக் கோரும் உரிமையும் விற்றவருக்கு உண்டு. வீட்டையே இழந்தவர் அதற்கும் அலைய வேண்டும் என்பது வேறு விஷயம்.

முத்திரைத் தீர்வையில் நிலைமை தெளிவு. நீதிமன்றத்தின் வழியே நடக்கும் பகிரங்க ஏலத்தில் கிடைத்த விலையே சந்தை மதிப்பு, பதிவு அதிகாரி அதை மறுமதிப்பீடு செய்ய இயலாது என்று 2022 நவம்பரில் ஏ.எஸ்.எல். வியாபார் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு அறிவித்தது. வருமான வரிச் சட்டமும் முத்திரைத் தீர்வை மதிப்பையே பின்பற்றுவதால், இதன் பயன் அங்கும் எட்டியாக வேண்டும். ஆனால் அது நீதிமன்ற ஏலம் பற்றிய தீர்ப்பு. வங்கி அதிகாரியே நடத்தும் ஏலத்துக்கு அது பொருந்துமா என்று வழக்காட இடமிருக்கிறது.

இதை ஒரே வரியில் தீர்த்திருக்கலாம். 1961-ம் ஆண்டுச் சட்டத்துக்கு மாற்றான புதிய வருமான வரி மசோதா, 2025 ஆகஸ்டில் எதிர்க்கட்சிகளின் அமளிக்கிடையே, மக்களவையில் விவாதமின்றிக் குரல் வாக்கெடுப்பில் நிறைவேறியது. பழைய 50-சி புதிய எண்ணுடன் அதில் தொடர்கிறது. ஏலத்துக்கெனத் தனி வரி சேர்க்கப்படவில்லை.