பெறப்பட்ட குருதிக்குழல் கோளாறுகளின் மருத்துவக் குறியிடல்

பெறப்பட்ட குருதிக்குழல் கோளாறு என்பது, பிறவியில் இல்லாது, காயம், நோய், அறுவை முதலியவற்றால் பின்னாளில் தமனியிலோ சிரையிலோ தோன்றும் மாற்றம் ஆகும். மருத்துவர் எழுதும் நோயறிதலை ஐ.சி.டி எனும் பன்னாட்டு நோய் வகைப்பாட்டின் எண்ணாக மாற்றுதல் மருத்துவக் குறியிடல் எனப்படும். 11ஆம் பதிப்பு 2022இல் நடைமுறைக்கு வந்தபோதும், 1990இல் ஏற்கப்பட்ட 10ஆம் பதிப்பே பல நாடுகளில் தொடர்கிறது. இங்குள்ள எண்கள் அதனுடையவை. எண்ணின் முதலெழுத்து நோயின் வகையைக் காட்டும்: ஐ குருதிச்சுற்றோட்ட நோய்கள், கியூ பிறவிக் கோளாறுகள், எஸ் காயங்கள்.

தமனி-சிரை இணைப்பு

தமனிக் குருதி நுண்குழல்களைக் கடக்காமல் நேரே சிரைக்குள் பாயும் வழி தமனி-சிரை இணைப்பு ஆகும். பெறப்பட்டதாயின் அதன் எண் ஐ77.0, மூளையில் எனின் ஐ67.1, இதயத் தமனியில் எனின் ஐ25.4. கை, கால்களில் பிறவியிலேயே அமைந்தது கியூ27.3. மருத்துவர் "தமனி-சிரை இணைப்பு" என்று மட்டும் எழுதினால் அகரவரிசை அட்டவணை அதைப் பெறப்பட்டதாகக் கொள்ளும். "தமனி-சிரைக் குழல் விரிவு" என்று மட்டும் எழுதினாலோ பிறவிக் கோளாறாகக் கொள்ளும். ஆகவே "பெறப்பட்ட" என்னும் சொல்லை எழுதாமல் விடுதல் தகாது.

தொழிற்காயங்கள்

வேலூரைச் சுற்றியுள்ள இராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி ஆகிய ஊர்களின் தோல் பதனிடும் தொழிலில் கத்திகளும் சதை நீக்கும் இயந்திரங்களும் பயன்படுகின்றன. (2019 மாவட்டப் பிரிப்புக்குப் பின் இம்மூன்றும் வேலூர் மாவட்டத்தில் இல்லை.) ஆழமான வெட்டில் தமனியும் அருகிலுள்ள சிரையும் சேர்ந்து காயப்பட்டால், தோல் ஆறிய பல வாரங்களுக்குப் பின்னும் துடிக்கும் வீக்கம் தோன்றக்கூடும். காயத்தால் விளைந்த இணைப்பு ஐ77.0இல் சேராது. ஆரைத் தமனிக் காயம் முன்கையில் எஸ்55.1, மணிக்கட்டில் எஸ்65.1 ஆகும். பழைய வெட்டு குறிப்பில் விடுபட்டால், தொழிற்காயம் சாதாரண நோயாக எண்ணப்படும். இது புள்ளிவிவரச் சிக்கல் மட்டுமன்று. இ.எஸ்.ஐ திட்டத்தில் நோய்க்கால உதவி ஊதியத்தில் 70 விழுக்காடு, ஆண்டுக்கு 91 நாட்கள் வரை. தொழிற்காயத்தால் ஏற்படும் தற்காலிக இயலாமைக்கு 90 விழுக்காடு, இயலாமை நீடிக்கும் வரை. உதவியைக் குறியீடு தீர்மானிப்பதில்லை. விபத்து அறிக்கையும் மருத்துவச் சான்றுமே தீர்மானிக்கின்றன. ஆயினும் அச்சான்றுக்கும் குறியீட்டுக்கும் அடிப்படை ஒரே மருத்துவக் குறிப்புதான்.

டயாலிசிசுக்கான இணைப்பு

சிறுநீரகம் செயலிழந்தோருக்கு டயாலிசிசு செய்வதற்காக முன்கையில் தமனியும் சிரையும் வேண்டுமென்றே இணைக்கப்படுகின்றன. நியூயார்க்கு மருத்துவர்கள் இம்முறையை 1966இல் வெளியிட்டனர். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி போன்ற சிறுநீரக மையங்களில் இது அன்றாடக் காட்சி. இது நோயன்று, இதன் எண் இசட்99.2. இதற்கு ஐ77.0 இடுதல் பிழையாகும்.

தமனியழற்சி

காரணம் குறிக்கப்படாத தமனியழற்சி ஐ77.6 ஆகும். தாகயாசு நோய் என்று பெயர் எழுதப்பட்டால் எம்31.4 ஆகி, தசை-எலும்பு நோய்களின் அதிகாரத்துக்குச் சென்றுவிடும்.