பாகில்லானியின் தூதும் ஒரு தளபதியின் கலகமும்

இமாம் பாகில்லானி ரூம் பேரரசரின் அவைக்குத் தூது சென்ற கதை அரபுக் கல்லூரி மாணவர்கள் அறிந்ததே. தலைகுனிந்து நுழையட்டும் என்று வாயிலைத் தாழ்வாக அமைத்தார்களாம். இமாமோ திரும்பி நின்று, முதுகு காட்டியபடி உள்ளே சென்றாராம். ஹிஜ்ரி 371இல் அத்தூது ஏன் தேவைப்பட்டது என்பதை மட்டும் எவரும் வினவுவதில்லை. பக்தாதில் காவலில் இருந்த பைசாந்தியத் தளபதி ஒருவரே அதன் பின்னணி.

அவர் பர்தாஸ் ஸ்கிலேரோஸ். அரபு வரலாற்றாசிரியர்கள் ‘வர்த்’ என்றெழுதுவர். ரோஜாவுக்கும் அவருக்கும் யாதொரு தொடர்புமில்லை, பர்தாஸ் என்பதன் திரிபே அது.

976 ஜனவரியில் பேரரசர் யோவான் திமிஸ்கேஸ் இறந்தார். இளைஞரான இரண்டாம் பசிலின் பெயரால் அரண்மனைப் பேரதிகாரி ஒருவரே ஆண்டார். கீழ்த்திசைப் படைத்தலைமையிலிருந்து நீக்கப்பட்டு எல்லை மாகாணத்திற்கு அனுப்பப்பட்ட ஸ்கிலேரோஸ் அவ்வாண்டே தம்மைப் பேரரசராக அறிவித்துக்கொண்டார். மோசுலின் ஹம்தானிய அமீர் அபூதக்லிப் குதிரைவீரர்களைத் தந்துதவினார். நிக்கேயா நகரும் வீழ்ந்தது. அப்போது குஸ்தன்தீனிய்யா செய்தது விந்தையானது. முன்பு இதே ஸ்கிலேரோஸால் அடக்கப்பட்ட கலகக்காரர் பர்தாஸ் ஃபோக்காஸை விடுவித்து அவர்மீதே ஏவியது. 979 மார்ச்சில் தோற்ற ஸ்கிலேரோஸ் எல்லை கடந்து ஓடினார். அதற்குள் மோசுல், புவைஹிய அமீர் அளுதுத் தௌலாவின் வசமாகிவிட்டிருந்தது.

அடைக்கலம் நாடி வந்தவர் பேரப்பொருளானார். அவரை ஒப்படைக்கும்படி பசில் கேட்க, எல்லைக் கோட்டைகளையும் ஹலப் நகர உரிமையையும் அமீர் கேட்டார். பாகில்லானிக்குப் பின் சென்ற தூதர் இப்னு ஷஹ்ராமின் அறிக்கை, ரூத்ராவரீயின் வரலாற்று நூலில் இன்றும் படிக்கக் கிடைக்கிறது. பேரத்தின் ஏற்ற இறக்கங்கள் அதில் அப்படியே உள்ளன. ‘அமான்’ என்ற சொல்லுக்கு இது அழகன்று என்பதே என் எண்ணம். எனினும் இறுதிவரை அவர் ஒப்படைக்கப்படவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

983இல் அமீர் இறந்தார். 986இல் பல்காரியரிடம் பசில் படுதோல்வியுற்றதும், அமீரின் மைந்தர் ஸம்ஸாமுத் தௌலா ஸ்கிலேரோஸை விடுவித்தார். அரியணை ஏறினால் முஸ்லிம் கைதிகளை விடுவிப்பதும் சில கோட்டைகளைத் தருவதும் நிபந்தனைகள். சிறைப்பட்டோரின் குடும்பங்கள் அந்நாள்களை எவ்வளவு எதிர்பார்ப்புடன் கழித்திருக்கும்!

அரியணை கிட்டவில்லை. அதே ஃபோக்காஸ் 987இல் தாமும் கலகத்தில் இறங்கி, பேரரசைப் பங்கிடுவோம் என்றழைத்து ஸ்கிலேரோஸைச் சிறையிலிட்டார். கீவ் மன்னர் விளாதிமிர் அனுப்பிய சுமார் 6,000 வீரர்களின் துணையால் பசில் மீண்டெழ, 989 ஏப்ரலில் அபிதோஸ் களத்தில் ஃபோக்காஸ் மாண்டார்.

விடுதலையான ஸ்கிலேரோஸ் பசிலிடம் பணிந்தார். அச்சந்திப்பை பிசெல்லோஸ் வர்ணித்துள்ளார். முதுமையால் தளர்ந்தவரை இருபுறமும் தாங்கி அழைத்து வந்தனராம். பேரரசருக்கே உரிய செந்நீலக் காலணிகளை அவர் இன்னும் கழற்றியிருக்கவில்லை. அவை கழற்றப்படும்வரை பசில் அவர் முகத்தைப் பார்க்க மறுத்துவிட்டார்.