ஆகாய வழி – 14: நரிட்டாவிலிருந்து ஹனேடாவுக்கு

ஒரே விமான நிலையத்துக்குள் ஒரு முனையத்திலிருந்து மற்றொரு முனையத்துக்கு மாறும் முறையைச் சென்ற இதழில் பார்த்தோம். அதைவிடச் சிரமமான, ஆனால் நம்மவர்கள் பலர் முன்கூட்டி யோசித்துப் பார்க்காத ஒரு விஷயத்தை இந்த வாரம் எடுத்துக்கொள்கிறேன். ஒரு மாநகரத்தில் வந்து இறங்கிய பிரயாணி, அதே நகரத்தின் பெயரைத் தாங்கிய வேறொரு விமான நிலையத்துக்குத் தரை வழியே சென்று, அங்கிருந்து அடுத்த விமானத்தைப் பிடிக்க வேண்டிய நிலைதான் அது. லண்டன், பாரிஸ், நியூயார்க், பாங்காக் முதலிய நகரங்கள் அனைத்திலும் இந்த நிலை உண்டு. லண்டனில் ஹீத்ரோவுக்கும் காட்விக்குக்கும் இடையே பிரயாணிகளைக் கொண்டுசேர்ப்பதற்கென்றே 1978 முதல் 1986 வரை ஹெலிகாப்டர் ஒன்று பறந்துகொண்டிருந்தது. அவ்விரண்டுக்கும் இடைப்பட்ட பகுதியில் எம்-25 நெடுஞ்சாலை அமைந்த பிறகுதான் அந்தச் சேவை நின்றது. ஆயினும் இந்த விஷயத்தின் சகல அம்சங்களையும் ஒருங்கே காட்டக்கூடிய நகரம் டோக்கியோவே ஆகையால், அதையே உதாரணமாகக் கொள்வோம்.

2019 அக்டோபரில் சென்னையிலிருந்து நரிட்டாவுக்கு நேரடி விமானம் தொடங்கியதும், பெருந்தொற்றுக் காலத்தில் அது நின்றுபோனதும் வாசகர்களுக்கு நினைவிருக்கும். இன்று தமிழ்நாட்டிலிருந்து ஜப்பான் செல்கிறவர்களில் பலர் பெங்களூருக்குப் போய் அங்கிருந்து நரிட்டாவில் இறங்குகிறார்கள். ஃபுக்குவோக்காவுக்கோ சப்போரோவுக்கோ மேலும் செல்ல வேண்டியவர்கள், ஜப்பானின் உள்நாட்டு விமானங்களில் பெரும்பகுதி ஹனேடாவிலிருந்தே புறப்படுகின்றன என்பதை அறிந்திருப்பது அவசியம். பயணச்சீட்டு விற்கும் தளங்களிலோ இரண்டுக்கும் ‘டோக்கியோ’ என்ற ஒரே பெயர். இரண்டையும் சேர்த்துக் குறிக்க டி.ஒய்.ஓ. என்று ஒரு பொதுக் குறியீடும் உண்டு. என்.ஆர்.டி. என்றால் நரிட்டா, எச்.என்.டி. என்றால் ஹனேடா என்ற பேதத்தைக் கவனியாமல் பணம் கட்டிவிடுகிறவர், அந்த மூன்று எழுத்துகளின் பொருளை அந்நிய மண்ணில் பெட்டிகளோடு நிற்கும்போதுதான் அறிந்துகொள்ள நேர்கிறது.

ஹனேடா டோக்கியோ விரிகுடாவின் கரையிலே, நகர மத்தியிலிருந்து ஏறக்குறைய 15 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. நரிட்டாவோ டோக்கியோவின் எல்லைக்குள்ளேயே இல்லை. கிழக்கே சுமார் 60 கிலோமீட்டர் தள்ளி, சிபா மாகாணத்தின் வயல்வெளிகளுக்கு நடுவே அமைந்திருக்கிறது. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போவது என்பது மாநகரத்தை ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குக் கடப்பதற்கு ஒப்பாகும்.

தூரத்தை விடவும் முக்கியமானது சட்டம். ஒரே நிலையத்துக்குள் ஒரு சர்வதேச விமானத்திலிருந்து மற்றொன்றுக்கு மாறுகிறவர் ஜப்பானுக்குள் பிரவேசித்ததாகக் கருதப்படுவதில்லை. நிலையத்தின் வாசலைத் தாண்டி வெளியே வருகிறவர், அடுத்த விமானத்தில் வேறு தேசத்துக்கே போகிறவரானாலும், ஜப்பானுக்குள் பிரவேசித்தவரே ஆவார். ஆகவே இந்தியப் பாஸ்போர்ட் உடையவர் விசா பெற்றே தீர வேண்டும். வழியில் மாறிச் செல்கிறவர்களுக்கென்று தனியாக ஒரு விசாவும் உண்டு. குடிநுழைவு அதிகாரியின் முன் வரிசையில் நின்று, 2007 முதல் அமலில் உள்ள விதிப்படி விரல்ரேகையும் புகைப்படமும் கொடுத்து, பெட்டிகளைச் சுழலும் பட்டையிலிருந்து தாமே எடுத்துக்கொண்டு, சுங்கச் சோதனையையும் முடித்த பிறகுதான் வெளியே வர முடியும். ஹனேடாவுக்குப் போய்ச் சேர்ந்ததும் பெட்டிகளை மறுபடி ஒப்படைத்துப் பாதுகாப்புச் சோதனைக்கும் உட்பட வேண்டும்.

வெளியே வந்தபின் வழி இரண்டு. ‘லிமோசின் பஸ்’ என்று வழங்கும் ஆரஞ்சு நிறப் பேருந்துகள் வருகைக் கூடத்தின் வாசலிலிருந்தே புறப்படுகின்றன. பெட்டிகளுக்குச் சீட்டுக் கட்டி வாங்கி அடியில் வைக்கும் பணியாளர்கள் வண்டி நகரும்போது வரிசையாக நின்று தலை வணங்கி வழியனுப்பும் மரியாதை, களைத்து வந்த பிரயாணிக்கு உண்மையாகவே ஆறுதல் தருவது. விரிகுடாவை ஒட்டிச் செல்லும் விரைவுச் சாலையில் போக்குவரத்து சீராக இருந்தால் ஒன்றேகால் மணி முதல் ஒன்றரை மணி நேரத்தில் ஹனேடா வந்துவிடும். மற்றொரு வழி ரயில். நரிட்டாவின் நிலவறையில் உள்ள நிலையத்திலிருந்து கெய்செய் தடத்தில் புறப்பட்டு, நகரத்தின் அடியிலே அசக்குசா சுரங்கப் பாதை வழியாக ஊடுருவி, கெய்க்யூ தடத்தில் வெளிப்பட்டு ஹனேடாவை அடையும் ரயில்கள் உண்டு. வெவ்வேறு நிர்வாகங்களின் தண்டவாளங்களில் ஓடினாலும் பிரயாணி இருக்கையை விட்டு எழ வேண்டியதில்லை. ஏறத்தாழ ஒன்றரை மணி, சில வேளைகளில் சற்று அதிகமாகவும் ஆகும். ஆனால் எல்லா ரயில்களும் நேரே ஹனேடா வரை செல்வதில்லை என்பதால் அறிவிப்புப் பலகையைக் கவனித்து ஏற வேண்டும். பெரிய பெட்டிகளும் குழந்தைகளும் உடன் வருகிறவர்களுக்குப் பேருந்தே உத்தமம் என்பது என் அபிப்பிராயம்.

ஒரு நகரத்துக்கு ஏன் இப்படி இரண்டு நிலையங்கள், அதிலும் ஒன்று ஏன் இத்தனை தூரத்தில் என்ற கேள்வி, அந்தப் பேருந்தில் அமர்ந்திருக்கும் எவருக்கும் எழக்கூடியதே. அதற்கு விடை சரித்திரத்தில் இருக்கிறது.

ஹனேடா 1931-இல் திறக்கப்பட்டது. யுத்தத்தில் ஜப்பான் சரணடைந்தபின், 1945 செப்டம்பரில் அதைக் கைக்கொண்ட அமெரிக்கப் படையினர், நிலையத்தை விஸ்தரிக்கும் பொருட்டுச் சுற்றிலும் குடியிருந்த மூவாயிரம் பேர் அளவிலான மக்களை 48 மணி நேரத்துக்குள் வெளியேறும்படி உத்தரவிட்டார்கள். 1952-இல் நிலையம் ஜப்பானியர் கைக்குத் திரும்பத் தொடங்கியது. வெளியேறியவர்களின் வீடுகள் திரும்பவில்லை. 1960-களில் விமானப் போக்குவரத்து வெகுவாகப் பெருகவே, ஹனேடா போதாது என்று கண்ட அரசாங்கம், முதலில் தொமிசாத்தோ என்ற இடத்தை யோசித்து, அங்கு எழுந்த எதிர்ப்பினால் கைவிட்டு, 1966 ஜூலை 4-ஆம் தேதி, நரிட்டாவில் சக்கரவர்த்தியின் மேய்ச்சல் பண்ணை இருந்த சன்ரிசூக்கா பிரதேசத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டதாக அறிவித்தது. அங்கே வாழ்ந்த விவசாயிகளில் பலர், யுத்தம் முடிந்தபின் தரிசாகக் கிடந்த பூமியைத் தங்கள் கைகளாலேயே திருத்திப் பண்படுத்திக் குடியேறியவர்கள். அவர்களை எவரும் கலந்து பேசவில்லை. ஒரு தலைமுறைக் காலத்துக்கு நீடித்த போராட்டத்துக்கு வித்து அந்த அலட்சியமே என்று தயங்காமல் சொல்லலாம்.

1971-இல் பலவந்தமாக நிலம் கைப்பற்றப்பட்டபோது நிகழ்ந்த மோதலில் காவலர்கள் மூவர் மாண்டனர். எதிர்த்து நின்றவர்களின் தரப்பிலும் பின்னர் உயிர்கள் போயின. 1978 மார்ச் 30-ஆம் தேதி திறப்பு விழா என்று நிச்சயித்திருக்க, 26-ஆம் தேதியன்று போராட்டக்காரர்கள் கட்டுப்பாட்டுக் கோபுரத்துக்குள் புகுந்து கருவிகளை நொறுக்கிவிட, நிலையம் மே 20-ஆம் தேதிதான் திறக்கப்பட்டது. நகரத்தையும் நிலையத்தையும் இணைப்பதாக இருந்த அதிவேக ரயில் திட்டமும், பாதை நெடுகிலும் எழுந்த எதிர்ப்பினால் கைவிடப்பட்டது. அதற்கென்று நிலத்தடியில் கட்டிய ரயில் நிலையம் 1991 வரை உபயோகமின்றிக் கிடக்க, பிரயாணிகள் தொலைவில் இருந்த வேறொரு நிலையத்தில் இறங்கிப் பேருந்தில் வந்தார்கள். இரண்டாவது ஓடுபாதை 2002-இல்தான் வந்தது. வேண்டிய நிலம் முழுவதும் கிட்டாததால் அதுவும் 2,180 மீட்டரோடு நின்று, 2009-இல்தான் 2,500 மீட்டராக நீண்டது. 1990-களில் அரசாங்கம் விவசாயிகளோடு ஒரே மேடையில் அமர்ந்து பேசி, இனிப் பலவந்தமாக நிலம் எடுப்பதில்லை என்று உறுதி கூறியது. 1995-இல் பிரதம மந்திரி முராயாமா மன்னிப்புக் கோரினார். இதனிடையே கடலைத் தூர்த்து விஸ்தரிக்கப்பட்ட ஹனேடா, 2010 அக்டோபரில் நான்காவது ஓடுபாதையும் புதிய சர்வதேச முனையமும் பெற்று, வெளிநாட்டு விமானங்களை மறுபடியும் பெருமளவில் வரவேற்கத் தொடங்கியது. அந்நிய தேசத்துக்கு நரிட்டா, உள்நாட்டுக்கு ஹனேடா என்றிருந்த பழைய பிரிவினை கலைந்து, இரண்டுக்கும் இடையே மாற வேண்டிய சந்தர்ப்பங்கள் பலவிதமாயின.

இவையெல்லாம் நமக்குத் தொடர்பற்ற அயல்நாட்டுக் கதைகள் அல்ல. சென்னைக்கு இரண்டாவது விமான நிலையம் காஞ்சிபுரம் மாவட்டத்துப் பரந்தூரில் அமையும் என்று 2022-இல் அறிவிப்பு வந்தது முதல், அத்திட்டப் பகுதியிலுள்ள ஏகனாபுரம் கிராமத்து மக்கள் தங்கள் நிலத்துக்காகக் குரல் கொடுத்து வருகிறார்கள். இப்போதுள்ள மீனம்பாக்கம் நிலையமும் தொடர்ந்து இயங்கும் என்பதே அறிவிப்பு. அவ்வாறாயின், ஒரு நிலையத்திலிருந்து வெகு தூரத்திலுள்ள மற்றொரு நிலையத்துக்குப் பெட்டிகளோடு மாறும் பிரயாணிகள் நாளை நம் ஊரிலும் இருப்பார்கள். இரண்டையும் இணைக்கும் ரயிலை யோசிப்பதற்கு முன்னால், நிலத்தில் ஏர் பூட்டியவரோடு உட்கார்ந்து பேசுவதே தர்மம். அதுவே விவேகமும் ஆகும் என்பதை, நரிட்டா மிகுந்த விலை கொடுத்துக் கற்ற பாடத்திலிருந்து நாம் அறிந்துகொள்ளலாம்.

பிரயாணம் செய்யும் வாசகர்களுக்கு இறுதியாக ஒரு வேண்டுகோள். சீட்டு வாங்கும்போது நகரத்தின் பெயரோடு நின்றுவிடாமல், இறங்கும் நிலையம் எது, ஏறும் நிலையம் எது என்று எழுத்து எழுத்தாகப் படித்துப் பாருங்கள். இரண்டும் வெவ்வேறானால், விசாவுக்கு முன்னதாகவே விண்ணப்பித்து, இரு விமானங்களுக்கும் இடையே ஐந்து மணி நேரமாவது விட்டு, இயன்றவரை இரண்டையும் ஒரே பயணச்சீட்டில் அமைத்துக்கொள்ளுங்கள். தனித்தனிச் சீட்டாக வாங்கி, முதல் விமானம் தாமதமானால், தவறிப்போன இரண்டாவது விமானத்துக்கு எந்த நிறுவனமும் பொறுப்பேற்காது.

(தொடரும்)