பூவை விட்டுக் கைப்பிடியை வரைந்தவர்கள்

இத்தாலியின் பொலோன்யா நகரில் ஒருநாள் மழைக்கு ஒதுங்கிய கலை அறிஞர் கொர்ராடோ ரிச்சி, தூண்மண்டபச் சுவரில் சிறுவர் கிறுக்கியிருந்த படங்களைக் கண்டு வியந்தார். தரையை ஒட்டி மிகச் சிறியோரின் கோடுகள். உயரே செல்லச் செல்ல வளர்ந்த சிறாரின் கைத்திறன், கூடவே சற்றே கொச்சையும். தொடக்கப் பள்ளியின் வகுப்புகளையெல்லாம் ஒரே சுவரில் அடுக்கினாற்போன்ற அக்காட்சியே, 1887இல் அவர் வெளியிட்ட குழந்தை ஓவிய நூலுக்கு வித்தாயிற்று.

ஓவியத்தின் வளர்ச்சியில் எலும்புக்கும் பங்குண்டு. பிறக்கும்போது மணிக்கட்டின் 8 எலும்புகளும் குருத்தெலும்பாகவே உள்ளன. அவை ஒன்றன்பின் ஒன்றாக இறுகுகின்றன. பட்டாணி போன்ற கடைசி எலும்பு இறுகத் தொடங்க ஏறத்தாழ 9 முதல் 12 அகவை ஆகிவிடும். கையும் விரல்தசையும் முதிராத முதல் வகுப்புப் பிள்ளைக்குப் பெரிய தாளும் தடித்த மெழுகு வண்ணக்கோலும் தகும். சிறு கட்டத்துக்குள் கோடு தாண்டாமல் வண்ணம் தீட்டச் சொல்வதை ஒறுப்பு என்றே கொள்வேன்.

ஆஸ்திரியாவில் பிறந்து அமெரிக்காவில் கற்பித்த விக்டர் லோவன்பெல்ட், 1947இல் வெளிவந்த தம் நூலில் இவ்வளர்ச்சியைப் படிநிலைகளாக வகுத்தார். மழலையர் வரையும் ஆளுக்குத் தலையிலிருந்தே கால் முளைக்கும். இரண்டாம் மூன்றாம் வகுப்பில் தாளின் அடியில் ஒரு நிலக்கோடு தோன்றும். வீடும் மரமும் நாயும் அம்மாவும் அதன்மேல் வரிசையாக நிற்பர். மேலே வானம் ஒரு நீலப்பட்டை. சுவரை ஊடுருவி அடுப்படியும் தெரியும். அகவை எல்லைகளை இறுக்கிப் பிடிக்க வேண்டா. ஒரே வகுப்பில் இரண்டு படிநிலைகள் அருகருகே அமர்ந்திருக்கும்.

இத்தகைய படங்களைப் பிழையென்று திருத்துவோர் உண்டு. பிரெஞ்சு அறிஞர் லூக்கே 1927இல் தந்த விளக்கம் வேறு: சிறு பிள்ளை, காண்பதைவிட அறிந்ததையே வரைகிறது. 1972இல் பிரீமன், ஜானிகூன் என்னும் ஆய்வாளர்கள் இதை ஆய்ந்தனர். பூவொன்று தீட்டிய கோப்பையைக் கைப்பிடி மறையுமாறு திருப்பி வைத்து, 5 முதல் 9 அகவைப் பிள்ளைகளை வரையச் சொன்னார்கள். இளையோர் கண்முன் நின்ற பூவை விட்டுவிட்டு, கண்ணிற்படாத கைப்பிடியை வரைந்தனர். 8 அகவையை எட்டியோர் பூவை வரைந்து கைப்பிடியை விட்டனர்.

ஆய்வு அத்துடன் நின்றிருந்தால், இளையோருக்கு அவ்வாறு வரையும் ஆற்றலே இல்லை என்று முடிவு கட்டியிருப்போம். ஆனால் 1983இல் அலிசன் டேவிஸ் என்னும் ஆய்வாளர் இரு கோப்பைகளை அருகருகே வைத்தார்: ஒன்றில் கைப்பிடி தெரியும், மற்றதில் தெரியாது. இப்போது இளையோரிலும் பலர் மறைந்த கைப்பிடியை வரையாது விட்டனர்! தனித்து நிற்கும்போது அது கோப்பைதான் என்று காட்டக் கைப்பிடி வேண்டும். இரண்டனுள் வேறுபாடு காட்ட வேண்டுமாயின் அதை விட்டாக வேண்டும். பிள்ளை தேர்ந்தே வரைகிறது. ஆகவே ஆசிரியர் முன்னே எதை வைக்கிறார், என்ன கேட்கிறார் என்பது கைத்திருத்தத்தினும் பெரிது.

நான்காம் ஐந்தாம் வகுப்பில் நிலை மாறுகிறது. பிள்ளை தன் படத்தைப் பொருளோடு ஒப்பிடத் தொடங்குகிறது. அழிப்பான் தாளைக் கிழிக்கிறது. "எனக்கு வரைய வராது" என்ற பேச்சு எழுகிறது. தொலைவிலுள்ளது சிறுக்கும், முன்னிற்பது பின்னிற்பதை மறைக்கும் என்னும் நெறிகளைக் கற்பிக்க ஏற்ற பருவம் இதுவே. ஆனால் ஓவிய வேளையைக் கணக்குப் பாடம் விழுங்குவதும் பெரும்பாலும் இவ்வகுப்புகளில்தான். களிமண்ணையும் இவ்வகுப்புப் பிள்ளைகள் கையில் தரவேண்டும். மண்ணில் வனையும் உருவுக்குப் பின்புறமும் உண்டாதலின், எதைக் காட்டுவது எதை மறைப்பது என்ற திண்டாட்டம் அங்கே எழுவதில்லை.