தட்டுச் சண்டை! படப்பெட்டி வாங்கியவர் பட்ட பாடும், கற்ற பாடமும்

சேலம் சினிமாவுக்குப் பேர்போன ஊர். 1935-ம் ஆண்டில் டி.ஆர்.சுந்தரம் இங்கே 'மாடர்ன் தியேட்டர்ஸ்' படக் கம்பெனியைத் தொடங்கினார். 1956-ல் வெளிவந்த 'அலிபாபாவும் 40 திருடர்களும்' என்ற வண்ணப்படம் அந்தக் கம்பெனியின் தயாரிப்புதான். ஏற்காடு சாலையில் அதன் நுழைவு வளைவு இன்றும் நிற்கிறது.

அப்படிப்பட்ட ஊரில் படம் பார்க்க ஆசைப்படாத வீடு உண்டா? கொட்டகைக்குப் போய்ப் பார்த்த படம், பிறகு வீட்டுக்கே வந்தது. முதலில் கேசட்டாக வந்தது. பிறகு தட்டாக வந்தது. இப்போது தட்டும் இல்லாமல் காற்றிலேயே வருகிறது!

ஆனால், வந்த வழி சுலபமான வழி அல்ல. இடையிலே பெரிய சண்டை நடந்தது. அந்தச் சண்டையில் அடிபட்டது கம்பெனிகள் மட்டும் அல்ல. பணம் கொடுத்துப் பெட்டி வாங்கிய குடும்பங்களும்தான்.

சேலத்தில் ஃபேர்லேண்ட்ஸ் என்று ஒரு பகுதி. வீடுகளும் ஆஸ்பத்திரிகளும் கடைகளும் நிறைந்த இடம். அங்கே ஒரு வீடு. மகன் அமெரிக்காவில் வேலை பார்க்கிறான் என்று வைத்துக்கொள்வோம். 2007-ம் ஆண்டு கடைசியில் தந்தையும் மகனும் டெலிபோனில் என்ன பேசியிருப்பார்கள்?

"அப்பா, பொங்கலுக்கு வர்றேங்கப்பா. படம் பார்க்கிற புதுப்பெட்டி ஒண்ணு வாங்கிட்டு வரட்டுங்களா?"

"வாங்கிட்டு வா சாமி. நல்லதாப் பார்த்து வாங்கு."

"அதுலதாங்கப்பா சிக்கல். ரெண்டு தினுசு இருக்குது. ஒண்ணுல ஓடற தட்டு இன்னொண்ணுல ஓடாது!"

இது கற்பனைப் பேச்சு. ஆனால் சிக்கல் கற்பனை அல்ல. உலகம் முழுவதும் லட்சக்கணக்கான வீடுகளில் இருந்த சிக்கல்.

இரண்டு கட்சிகள்

டி.வி.டி. தட்டை எல்லோரும் அறிவார்கள். ஒரு முழுப் படமும் ஒரே தட்டில் அடங்கும். ஆனால், பெரிய தட்டை டெலிவிஷன்கள் வந்தபோது அந்தப் படம் போதவில்லை. இன்னும் தெளிவாகப் படம் காட்டும் தட்டு தேவைப்பட்டது.

2006-ம் ஆண்டில் அப்படி ஒன்றல்ல, இரண்டு தட்டுகள் கடைக்கு வந்தன. ஒன்றின் பெயர் எச்.டி. டி.வி.டி. இதன் தலைவன் ஜப்பானின் தோஷிபா கம்பெனி. மற்றொன்றின் பெயர் புளூ-ரே. இதன் தலைவன் சோனி கம்பெனி. அதுவும் ஜப்பான் கம்பெனிதான்.

பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல இருக்கும். ஒரே அகலம், ஒரே பளபளப்பு. இரண்டையும் படிப்பது நீல நிறம் கலந்த ஒளிக்கதிர்.

நீல ஒளி எதற்கு? கோலம் போடும் பெண்களுக்கு இது எளிதில் விளங்கும். பருமனாகப் புள்ளி வைத்தால் வாசலில் கொஞ்சம் புள்ளிதான் அடங்கும். மெல்லிசாக வைத்தால் அதே வாசலில் எத்தனையோ புள்ளி அடங்கும். டி.வி.டி.யைப் படிக்கும் சிவப்பு ஒளி பருமன். நீல ஒளி மெல்லியது. ஆகவே அதே அளவுத் தட்டில் பல மடங்கு விஷயம் ஏறியது.

டி.வி.டி.யின் ஓர் அடுக்கில் 4.7 ஜிகாபைட் அடங்கும். எச்.டி. டி.வி.டி.யில் 15 அடங்கும். புளூ-ரேயில் 25 அடங்கும். கொள்ளளவில் புளூ-ரே பெரியது. விலையிலோ எச்.டி. டி.வி.டி. மலிவு. அமெரிக்காவில் முதலில் வந்த தோஷிபா பெட்டி 499 டாலர். முதலில் வந்த புளூ-ரே பெட்டி சாம்சங் செய்தது. அதன் விலை சுமார் 1,000 டாலர்!

மலிவு என்று வாங்கியவர்

படக் கம்பெனிகளும் பிரிந்து நின்றன. டிஸ்னியும் பாக்ஸும் புளூ-ரே பக்கம். யுனிவர்சல் எச்.டி. டி.வி.டி. பக்கம். பாரமவுண்ட் 2007 ஆகஸ்டில் எச்.டி. டி.வி.டி. பக்கம் முழுதாகச் சாய்ந்தது. வார்னர் கம்பெனி இரண்டிலும் படம் வெளியிட்டது. ஒருவர் விரும்பும் படம் ஒரு தட்டில் இருக்கும். பக்கத்து வீட்டுக்காரர் விரும்பும் படம் மற்றொரு தட்டில் இருக்கும். எல்லாப் படமும் வேண்டுமானால் இரண்டு பெட்டி வாங்க வேண்டும்!

2007 நவம்பரில் அமெரிக்காவின் வால்மார்ட் கடைகளில் தோஷிபா பெட்டியை 100 டாலருக்கும் குறைவான விலைக்கு விற்றார்கள். ஜனங்கள் வரிசையில் நின்று வாங்கினார்கள். "சண்டையில் ஜெயிப்பது நம் பெட்டிதான்" என்று பலர் நம்பினார்கள்.

நடந்தது என்ன? 2008 ஜனவரி 4-ந் தேதி வார்னர் கம்பெனி, "இனி எங்கள் படங்கள் புளூ-ரேயில் மட்டுமே" என்று அறிவித்தது. அடுத்த மாதம் படங்களை வாடகைக்கு அனுப்பும் நெட்பிளிக்ஸும் அதே வழியில் போனது. வால்மார்ட்டும் போனது. பிப்ரவரி 19-ந் தேதி தோஷிபா கையை உயர்த்திவிட்டது. மலிவாக வாங்கிய பெட்டியைச் சில மாதங்களிலேயே அதைச் செய்த கம்பெனியே கைவிட்டது!

முழு நஷ்டம் என்று சொல்ல முடியாது. அந்தப் பெட்டியில் பழைய டி.வி.டி. ஓடும். ஆனால் அதற்காகவா வாங்கினார்கள்?

புளூ-ரே ஜெயிக்க ஒரு காரணம் விளையாட்டு! 2006 நவம்பரில் வந்த சோனியின் 'பிளேஸ்டேஷன் 3' விளையாட்டுப் பெட்டியிலேயே புளூ-ரே ஓடும். பிள்ளைகள் விளையாடக் கேட்ட பெட்டி, பெரியவர்கள் படம் பார்க்கும் பெட்டியாகவும் ஆயிற்று.

வெளிநாட்டுப் பெட்டியில் வேறு வில்லங்கம்

ஃபேர்லேண்ட்ஸ் வீட்டுக்கு வருவோம். ஜெயித்த புளூ-ரே பெட்டியையே மகன் அமெரிக்காவில் வாங்கி வந்திருந்தால்? அப்போதும் இரண்டு தடைகள் உண்டு.

முதல் தடை மின்சாரம். அமெரிக்காவில் வீட்டு மின்சாரம் 120 வோல்ட். நமக்கு 230 வோல்ட். பெட்டியின் பின்புறம் எழுதியிருப்பதைப் படிக்காமல் செருகினால், படத்துக்குப் பதில் புகை வரும்!

இரண்டாவது தடை, தட்டுக்குப் போட்ட எல்லைக்கோடு. படக் கம்பெனிகள் உலகத்தைப் பல பகுதிகளாகப் பிரித்துவைத்தன. டி.வி.டி.யில் அமெரிக்கா 1-ம் பகுதி. இந்தியா 5-ம் பகுதி. புளூ-ரேயில் அமெரிக்கா 'ஏ' பகுதி. இந்தியா 'சி' பகுதி. ஒரு பகுதியின் பெட்டி, வேறு பகுதிக்கென்று பூட்டிய தட்டை ஓட்டாது. வேடிக்கை என்னவென்றால், தோற்றுப்போன எச்.டி. டி.வி.டி.யில் இந்தப் பூட்டு கிடையாது.

டெக் காலத்துச் சண்டை

இது முதல் சண்டையும் அல்ல. 1975-ல் சோனி 'பீட்டாமேக்ஸ்' கேசட்டைக் கொண்டுவந்தது. 1976-ல் ஜே.வி.சி. கம்பெனி 'வி.எச்.எஸ்.' கேசட்டைக் கொண்டுவந்தது. ஆரம்பத்தில் சோனி கேசட்டில் 1 மணி நேரம்தான் பதியலாம். மற்றதில் 2 மணி நேரம். ஜனங்கள் எதை விரும்புவார்கள்? கடைசியில் 1988-ல் சோனியே வி.எச்.எஸ். பெட்டி செய்ய இறங்கிவந்தது!

நம் ஊரில் அந்தப் பெட்டிக்கு 'டெக்' என்று பெயர். கோவில் திருவிழா என்றாலும், கலியாணம் என்றாலும், டெக்கையும் டெலிவிஷனையும் வாடகைக்கு எடுத்து வருவார்கள். தெருவே கூடி உட்கார்ந்து விடிய விடியப் படம் பார்க்கும். வாடகைக் கடையில் எந்தக் கேசட் கிடைத்ததோ, அதற்கேற்ற டெக்தான் உபயோகம். யந்திரத்தின் அழகு யாருக்கு வேண்டும்?

நம்மவர் செய்த நல்ல காரியம்

பிறகு வி.சி.டி. வந்தது. ஒரு தட்டில் சுமார் 74 நிமிடப் படம். நம் தமிழ்ப்படத்துக்கு 2 அல்லது 3 தட்டு வேண்டும். நாயகி அழுதுகொண்டிருக்கும்போதே தட்டு முடிந்துவிடும். எழுந்து போய் மாற்ற வேண்டும்!

அதன்பின் டி.வி.டி. வந்தபோது நம் ஜனங்களுக்கு அதிகக் கஷ்டம் இல்லை. காரணம், டி.வி.டி. பெட்டியில் வி.சி.டி.யும் ஓடும். வீட்டில் சேர்த்துவைத்த பழைய தட்டு வீணாகவில்லை. 2006-ல் தமிழக அரசு இலவச வண்ண டெலிவிஷன் கொடுக்கத் தொடங்கியது. 2007-ல் மோசர் பேர் என்ற இந்தியக் கம்பெனி வி.சி.டி.யை 28 ரூபாய்க்கும், டி.வி.டி.யை 34 ரூபாய்க்கும் விற்றது. குடும்பமாகக் கொட்டகைக்குப் போகும் செலவில் பல படங்கள் வீட்டுக்கு வந்தன.

ஆகவே, அமெரிக்காவில் இரண்டு நீலத் தட்டுகள் மோதியபோது, நம் ஊரில் பெரும்பாலோர் சும்மா இருந்தார்கள். அதுவே நல்லதாயிற்று. சிறிய பழைய டெலிவிஷனில் புளூ-ரே போட்டாலும் டி.வி.டி. போட்டாலும் அதிக வித்தியாசம் தெரியாது. பழைய டெலிவிஷன் காட்டும் படத்தில் 576 வரிகள். புளூ-ரே தருவது 1,080 வரிகள். அத்தனை வரியையும் காட்டும் டெலிவிஷன் இருந்தால்தானே பெட்டிக்குக் கொடுத்த பணம் செல்லும்?

ஜெயித்தவன் கதை

ஜெயித்த புளூ-ரே நீடூழி வாழ்கிறதா? அதுவும் இல்லை. கடைசி வி.எச்.எஸ். பெட்டியைச் செய்துவந்த ஜப்பானின் புனாய் கம்பெனி 2016 ஜூலையில் நிறுத்தியது. நெட்பிளிக்ஸ் தபாலில் தட்டு அனுப்புவதை 2023 செப்டம்பரில் விட்டது. வீட்டில் பதிந்துகொள்ளும் புளூ-ரே வெறுந்தட்டுகளைச் செய்வதை சோனி 2025 பிப்ரவரியில் கைவிட்டது.

இப்போது படம் இண்டர்நெட்டில் வருகிறது. ஆனால் பழைய சண்டை வேறு வேஷத்தில் நடக்கிறது. ஒரு படம் ஒரு கம்பெனியிடம். மற்றொரு படம் வேறொரு கம்பெனியிடம். இரண்டுக்கும் தனித்தனிச் சந்தா! சந்தா கட்டினாலும் படம் நமக்குச் சொந்தம் அல்ல. அவர்கள் எடுத்துவிட்டால் போயிற்று.

வாங்குமுன் கேட்க வேண்டியவை

எந்தப் பெட்டி வாங்கினாலும் ஐந்து கேள்வி கேளுங்கள்:

1. நமக்கு வேண்டிய தமிழ்ப்படங்கள் இதில் கிடைக்குமா?

2. வீட்டில் இருக்கும் பழைய தட்டுகள் இதில் ஓடுமா?

3. நம் டெலிவிஷனுக்கு இது பொருந்துமா? சொருகும் வாய் ஒன்றுதானா?

4. நம் மின்சாரத்துக்கும், நம் நாட்டுத் தட்டுக்கும் ஏற்றதா?

5. பழுதானால் உள்ளூரில் பார்ப்பார்களா?

ஐந்துக்கும் 'ஆம்' என்றால் வாங்குங்கள். இரண்டு கம்பெனிகள் சண்டை போடும் நேரமாக இருந்தால் பொறுங்கள். பொறுத்தவருக்கு நஷ்டம் இல்லை.

கலியாணக் கேசட் எங்கே?

சினிமாப் படம் போனால் போகட்டும். அது எங்காவது மறுபடி கிடைக்கும். உங்கள் வீட்டுக் கலியாணக் கேசட் எங்கே இருக்கிறது? காதுகுத்து, வளைகாப்பு, சீமந்தம் பதிந்த தட்டு எங்கே? பீரோவின் மேல்தட்டில் துணியில் சுற்றிக் கிடக்கிறதா? அதை ஓட்டும் டெக் இப்போது யாரிடம் உண்டு?

கேசட் நாடா ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும். போட்டோ ஸ்டூடியோவில் பதிந்து தந்த தட்டு, கடையில் விற்ற சினிமாத் தட்டைப் போன்றது அல்ல. அதில் ஒரு சாயப்பூச்சின் மீது படம் பதிந்திருக்கும். வெயிலும் வெப்பமும் பட்டால் சாயம் வெளுக்கும். படம் போய்விடும்.

ஆகவே இந்த மாதமே எடுத்துப் பாருங்கள். கேசட்டையும் தட்டையும் புதுமுறைக்கு மாற்றித்தரும் கடையில் கொடுங்கள். இரண்டு பிரதி எடுங்கள். ஒன்று உங்கள் வீட்டில் இருக்கட்டும். மற்றொன்று மகள் வீட்டிலோ தம்பி வீட்டிலோ இருக்கட்டும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். தட்டின் விளிம்பைப் பிடித்து எடுங்கள். துடைக்கும்போது நடுவிலிருந்து வெளிப்புறம் நேராகத் துடையுங்கள். சுற்றிச்சுற்றித் துடைக்காதீர்கள்.

பெட்டி கெட்டால் வேறு பெட்டி வாங்கலாம். இறந்துபோன பாட்டி மணமக்களுக்குத் திருநீறு பூசி வாழ்த்திய குரலை எந்தக் கடையில் வாங்க முடியும்?