தீவிரச் சிகிச்சைப் பிரிவில் எத்தனை நாள்?

இருதய அறுவைச் சிகிச்சை என்றதும், "நல்லபடியாகத் திரும்பி வருவாரா?" என்றுதான் குடும்பத்தார் முதலில் கேட்பர். அடுத்துக் கேட்க வேண்டிய கேள்வியும் ஒன்றுண்டு: "தீவிரச் சிகிச்சைப் பிரிவில் எத்தனை நாள் இருக்க நேரும்?" ஜாசின், மெர்லிமாவ், ஆசஹான் வட்டாரத்திலிருந்து, 1992-இல் கோலாலம்பூரில் தொடங்கப்பட்ட தேசிய இருதயக் கழகத்திற்குச் செல்லும் குடும்பத்தின் வேலை விடுப்பு, தங்குமிடம், பயணச் செலவு யாவும் அதைப் பொறுத்தவையே.

சிக்கலின்றி முடிந்தால், பெரும்பாலோர் ஓரிரு நாளில் சாதாரண வார்டுக்கு மாற்றப்படுவர். சுவாசக் கருவியை அகற்ற முடியாமை, சிறுநீரகப் பாதிப்பு, இரத்தக் கசிவு, கிருமித் தொற்று ஆகியவற்றால் சிலருக்கு ஒரு வாரத்திற்கு மேலும் ஆகலாம்.

இதனை ஓரளவு முன்கூட்டியே கணிக்க இயலும். ஐரோப்பாவின் 8 நாடுகளில் 128 மருத்துவமனைகளிலிருந்து ஏறத்தாழ 19,000 நோயாளிகளின் விவரங்களைத் திரட்டி, 1999-இல் 'யூரோஸ்கோர்' என்னும் புள்ளிக் கணக்கை மருத்துவர்கள் வெளியிட்டனர். 60 வயதைக் கடந்தவருக்கு ஐந்தாண்டுக்கு 1 புள்ளி. நாட்பட்ட நுரையீரல் நோய்க்கு 1. சிறுநீரகம் குன்றியிருந்தால் 2. அவசர அறுவையானால் 2. இருதயம் மிகவும் பலவீனமாக இருந்தால் 3. மொத்தம் 6-ஐ எட்டினால் அபாயம் அதிகம். உயிரபாயத்தை அளக்கவே இக்கணக்கு உருவானது. எனினும், புள்ளி கூடக் கூட தீவிரச் சிகிச்சை நாட்களும் நீள்வதைப் பிந்தைய ஆய்வுகள் காட்டின. 2012-இல் இதன் திருத்திய வடிவம் வெளிவந்தது.

அன்பர்கள் ஒன்றை மனத்திற்கொள்ள வேண்டும். இது பலரைச் சேர்த்துப் பார்த்த கணக்கு. தனி ஒருவரின் தலையெழுத்து அன்று. அதிகப் புள்ளி பெற்றவர் விரைவில் எழுந்து நடப்பதுண்டு. குறைந்த புள்ளி பெற்றவர் நாட்கணக்கில் படுத்திருப்பதும் உண்டு. ஆகவே, மூன்றாம் நாள் கடந்துவிட்டதே என்று நம்பிக்கை இழக்க வேண்டியதில்லை.

வயதைக் குறைக்க நம்மால் ஆகாது. ஆனால் புகைப்பதை நிறுத்தலாம். இனிப்பு நீரைக் கட்டுக்குள் வைக்கலாம். தாதியர் கற்றுத்தரும் மூச்சுப் பயிற்சியை அறுவைக்கு முன்பே தொடங்கலாம். எல்லாவற்றிற்கும் மேலாக, அச்சத்தால் அறுவையைத் தள்ளிப்போடாதிருக்கலாம். இன்று திட்டமிட்டுச் செய்ய வேண்டியது நாளை அவசர அறுவையாக மாறினால், அந்த 2 புள்ளிகள் நாமே தேடிக்கொண்டவை ஆகிவிடும்.

அறுவைக்கு ஒப்புதல் கையெழுத்திடும்போதே, "இவருக்கு அபாயம் எவ்வளவு? எத்தனை நாளாகலாம்?" என்று மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள். விடை தெரிந்த குடும்பம் கலங்காமல் காத்திருக்கும்.