ஹைபிரிட் காரின் மைலேஜ்: ஷோரூம் சொல்வது 28... ராசிபுரம் ரோட்டில் எவ்வளவு? நீங்களே அளப்பது எப்படி?

நாமக்கல் பக்கம் லாரி வைத்திருப்பவரிடம் "வண்டி என்ன மைலேஜ் தருதுங்க?" என்று கேட்டுப் பாருங்கள். கம்பெனி விளம்பரத்தில் இருந்த எண்ணை அவர் சொல்லவே மாட்டார். "லோடோட போனா நாலு, காலியா வந்தா அஞ்சு தாண்டும்" என்று எந்த லோடு, எந்த ரோடு என்பதையும் சேர்த்துத்தான் சொல்வார். ட்ரிப் முடிந்ததும் டேங்க்கை நிரப்பி, ஓடிய கிலோமீட்டரை எழுதி, டிரைவரோடு உட்கார்ந்து கணக்குப் பார்க்கிற தொழில் அது. லிட்டருக்கு அரை கிலோமீட்டர் குறைந்தால் அந்த மாதத் தவணை இடிக்கும்.

அதே மாவட்டத்தில் ராசிபுரத்திலிருந்து தினமும் சேலத்துக்கோ நாமக்கல்லுக்கோ வேலைக்குப் போய் வருகிறவர்கள், பெட்ரோல் விலை 100 ரூபாயைத் தொட்ட பிறகு ஹைபிரிட் கார் பக்கம் பார்க்கிறார்கள். காரணம் ஷோரூமில் சொல்லும் எண்கள். மாருதி கிராண்ட் விட்டாரா, டொயோட்டா ஹைரைடர் ஸ்ட்ராங் ஹைபிரிட் மாடல்களுக்கு லிட்டருக்கு 27.97 கிமீ. ஹோண்டா சிட்டி ஹைபிரிட்டுக்கு சுமார் 27. அவ்வளவு பெரிய இன்னோவா ஹைகிராஸுக்கே 23.24. வாங்கி மூன்று மாதம் ஓட்டிய பிறகு, "நமக்கு 19-க்கு மேல ஏறவே மாட்டேங்குதே, வண்டியில ஏதாவது கோளாறா?" என்ற சந்தேகம் பலருக்கும் வருகிறது. பெரும்பாலும் வண்டியில் கோளாறு இருக்காது. அளந்த இடம் வேறு, ஓட்டுகிற இடம் வேறு.

28 எங்கிருந்து வருகிறது?

இந்த எண்கள் ரோட்டில் ஓட்டி எடுத்தவை அல்ல. புனேயில் உள்ள ஏஆர்ஏஐ போன்ற சோதனை நிலையங்களில், காரை உருளைகள் மேல் நிறுத்தி, குறிப்பிட்ட ஓட்ட அட்டவணைப்படி ஓட்டி எடுக்கிறார்கள். அந்த ஓட்டம் 1,180 விநாடி, அதாவது 20 நிமிடத்துக்குள் முடிந்துவிடும். அதிகபட்ச வேகம் மணிக்கு 90 கிமீ, அதுவும் சில விநாடிகளுக்குத்தான். நிறைய நின்று நின்று போகும், மெதுவாக வேகம் பிடிக்கும். ஏசி ஓடாது. எதிர்க்காற்று கிடையாது, ஸ்பீடு பிரேக்கர் கிடையாது, பின்சீட்டில் நாலு பேரும் டிக்கியில் அரிசி மூட்டையும் கிடையாது.

இதில் பொய் எதுவும் இல்லை. எல்லா கார்களையும் ஒரே அளவுகோலால் ஒப்பிட ஒரு பரீட்சை வேண்டும், அது இது. ஆனால் நின்று நின்று, மிதமான வேகத்தில் போகும் இந்த ஓட்டம் ஹைபிரிட்டுக்கு ரொம்பப் பிடித்த பாடம். பரீட்சையில் அதிலிருந்தே கேள்வி வந்தால் மார்க் கூடத்தானே செய்யும்?

விளம்பர மைலேஜை நம்பி வாங்கி, கோர்ட் வரை போனவர்களும் உண்டு. கலிபோர்னியாவில் ஹோண்டா சிவிக் ஹைபிரிட் வாங்கிய ஒரு பெண், காலன் கணக்கில் 50 மைல் என்று சொன்ன கார் 30 அளவில்தான் தருகிறது என்று வழக்குப் போட்டார். 2012-ல் முதலில் அவருக்கு 9,867 டாலர் தரச் சொன்ன தீர்ப்பு வந்தது, சில மாதங்களில் மேல்முறையீட்டில் அது ரத்தானது. பக்கத்தில் திருச்சூரில் 2022-ல் வந்த தீர்ப்பு வேறு மாதிரி. லிட்டருக்கு 32 கிமீ என்று விளம்பரம் செய்யப்பட்ட ஃபோர்டு கிளாசிக் டீசல் காரை (இது ஹைபிரிட் இல்லை) நிபுணரை வைத்து ஓட்டிப் பார்த்ததில் 19.6 கிமீதான் கிடைத்தது. வாங்கியவருக்கு சுமார் 3 லட்சம் ரூபாய் கொடுக்க மாவட்ட நுகர்வோர் ஆணையம் உத்தரவிட்டது. முறையாக அளந்த ஒரு எண் கையில் இருந்ததுதான் அந்த வழக்கின் பலம்.

பேட்டரியில் இருப்பது முக்கால் யூனிட்

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். பின்னால் 'ஹைபிரிட்' என்று எழுதியிருக்கும் எல்லா காரும் ஒன்றல்ல. மைல்ட் ஹைபிரிட்டில் இருப்பது இன்ஜினுக்குத் தோள் கொடுக்கும் ஒரு சின்ன மோட்டார், அது தனியாக காரை ஓட்டாது. ஸ்ட்ராங் ஹைபிரிட்தான் இன்ஜினை அணைத்துவிட்டு மோட்டாரில் மட்டும் ஓடும். இங்கே பேசுவது அதைப் பற்றி.

இந்த காருக்கு சார்ஜ் போடும் பிளக் கிடையாது. மோட்டாரில் ஓடும் கிலோமீட்டரும் கடைசியில் பெட்ரோல் காசுதான். ஹைரைடரில் உள்ள ஹைபிரிட் பேட்டரியின் கொள்ளளவு 0.76 கிலோவாட் ஹவர், நம்ம வீட்டு இபி கணக்கில் முக்கால் யூனிட். அதையும் முழுசாகக் காலி செய்ய கார் விடாது. பாதியைப் பயன்படுத்தினால் மூன்று கிலோமீட்டர் ஓடலாம், அவ்வளவுதான்.

அப்படியானால் மிச்சம் எங்கே? பிரேக்கில். ஆட்களோடு சேர்த்து 1,500 கிலோ எடையுள்ள கார் 60 கிமீ வேகத்திலிருந்து நிற்கும்போது, அந்த வேகத்தைப் பிடிக்கச் செலவான சுமார் 20 மில்லி பெட்ரோலை சாதாரண கார் பிரேக் டிஸ்க்கில் வெறும் சூடாக்கி விட்டுவிடுகிறது. ஹைபிரிட் அதில் ஏறக்குறைய பாதியை பேட்டரிக்குத் திருப்பும். 25 முறை நின்று கிளம்பினால் கால் லிட்டர். இதோடு சிக்னலில் இன்ஜின் அணைந்து கிடப்பதும், தேவைப்படும்போது மட்டும் நல்ல திறனில் ஓடுவதும் சேரும். ஆக, காலை எட்டரை மணிக்கு ஸ்கூல் பஸ், காலேஜ் பஸ்களுக்கு நடுவே ராசிபுரம் பஸ் ஸ்டாண்டைக் கடப்பதும், சேலம் ஐந்து ரோட்டில் ஊர்ந்து போவதும்தான் இந்த கார் சம்பாதிக்கும் இடங்கள்.

டேங்க் டு டேங்க்: சரியாகச் செய்வது எப்படி?

முறை பழசுதான். டேங்க்கை நிரப்பி, ட்ரிப் மீட்டரை ஜீரோ ஆக்கி, ஓட்டி, மறுபடி நிரப்பி, ஓடிய கிலோமீட்டரை நிரப்பிய லிட்டரால் வகுக்க வேண்டும். தப்பு நடப்பது அந்த 'நிரப்பி' என்ற வார்த்தையில்.

பம்ப்பில் துப்பாக்கி தானாக முதல்முறை 'டக்' என்று நிற்கும் இடத்தோடு நிறுத்திவிடுங்கள். "ரவுண்ட் பண்ணிடட்டுங்களா?" என்று கேட்பார்கள். வேண்டாம் என்று சொல்லுங்கள். அந்த ரவுண்டில் போகும் அரை லிட்டர் கணக்கைக் கெடுத்துவிடும். முடிந்தவரை அதே பங்க், அதே பம்ப், காரும் அதே திசையில். தரை கொஞ்சம் சாய்ந்திருந்தாலும் டேங்க் வேறு அளவில் 'நிரம்பும்'.

எவ்வளவு ஓடிய பிறகு நிரப்புகிறோம் என்பது இன்னும் முக்கியம். நிரப்புவதில் ஒரு லிட்டர் முன்னே பின்னே ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். 10 லிட்டர் செலவானதும் அளந்தால் அது 10 சதவீதப் பிழை. 22 கிமீ தரும் கார் 20 என்றும் காட்டும், 24 என்றும் காட்டும். 35 லிட்டர் செலவான பிறகு அளந்தால் பிழை 3 சதவீதத்துக்குள் அடங்கிவிடும். மூன்று டேங்க்கை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தால் அது 1 சதவீதம். ஒரே ஒரு டேங்க்கை வைத்து முடிவுக்கு வராதீர்கள்.

சேர்க்கும்போதும் ஒரு பொறி இருக்கிறது. ஹைவேயில் 600 கிமீ ஓடி லிட்டருக்கு 18, ஊருக்குள் 120 கிமீ ஓடி 24 கிடைத்தது என்றால் சராசரி 21 இல்லை. மொத்தம் 720 கிமீ, மொத்தம் 38.3 லிட்டர், ஆக 18.8. மைலேஜ்களைக் கூட்டி வகுக்கக் கூடாது, கிலோமீட்டரைத் தனியாகவும் லிட்டரைத் தனியாகவும் கூட்டிவிட்டு வகுக்க வேண்டும். போன் நோட்ஸில் தேதி, ஓடோமீட்டர், லிட்டர் என்று மூன்று எண் எழுதி வைத்தால் போதும்.

டேஷ்போர்டு திரை காட்டும் எண்? இன்ஜினுக்குள் எவ்வளவு பெட்ரோல் தெளிக்கப்பட்டது என்பதை வைத்து கார் போடும் கணக்கு அது. பல கார்களில் உண்மையை விடச் சற்றுக் கூடவே காட்டும். மூன்று டேங்க் அளந்து, திரை எத்தனை சதவீதம் தள்ளிச் சொல்கிறது என்று கண்டுபிடித்துவிட்டால், அதன் பிறகு அதைக் கழித்துக்கொண்டு திரையையே பார்க்கலாம். ஆனால் வாட்ஸ்அப் குரூப்பில் வரும் "45 கிமீ மைலேஜ்" ஸ்கிரீன்ஷாட்டுகளை நம்ப வேண்டாம். 8 கிமீ பயணத்தில் 3 கிமீ ஏற்கெனவே பேட்டரியில் இருந்த மின்சாரத்தில் ஓடியிருக்கும். அந்த மின்சாரத்துக்கான பெட்ரோல் முந்தைய பயணத்தின் கணக்கில் எழுதப்பட்டிருக்கும்.

டயர் தேய்மானமும் கணக்கில் வரும். 6 மில்லிமீட்டர் தேய்ந்த டயரின் விட்டம் 12 மில்லிமீட்டர் குறையும். சக்கரம் அதிகம் சுற்றுவதால் ஓடோமீட்டர் 1.5 சதவீதத்துக்கு மேல் கூட்டிக் காட்டும். ஹைவேயில் ஒருமுறை போன் ஜிபிஎஸ்ஸோடு ஒப்பிட்டுக்கொள்ளலாம்.

இனி பங்க்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலில் ஒரு லிட்டருக்கு உள்ள ஆற்றல், பெட்ரோலை விட மூன்றில் ஒரு பங்கு குறைவு. கலப்பில்லாத பெட்ரோலோடு ஒப்பிட்டால் சுமார் 7 சதவீதமும், முன்பு கிடைத்த 10 சதவீதக் கலப்போடு ஒப்பிட்டால் மூன்றரை சதவீதமும் ஆற்றல் குறைகிறது. நண்பரின் நாலு வருஷம் முந்தைய மைலேஜோடு உங்களுடையதை ஒப்பிடும்போது இது நினைவில் இருக்கட்டும்.

ஆண்டகலூர் கேட் தாண்டியதும்

ராசிபுரத்திலிருந்து வந்து ஆண்டகலூர் கேட்டில் நான்குவழிச் சாலையில் ஏறியதும் ஆட்டம் மாறுகிறது. மல்லூர் வரை பெரிதாக பிரேக் போட வேலையில்லை. பிரேக் இல்லையென்றால் திருப்பி எடுக்க எதுவும் இல்லை. ஹைபிரிட் இங்கே கிட்டத்தட்ட ஒரு சாதாரண பெட்ரோல் கார்தான், நல்ல இன்ஜின் உள்ள பெட்ரோல் கார் என்று வேண்டுமானால் சொல்லலாம்.

இங்கே எதிரி காற்று. வேகம் இரட்டிப்பானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்கு. 80-லிருந்து 100-க்குப் போனாலே 56 சதவீதம் கூடுகிறது, 110-ல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. சேலம் வரை நான்குவழிச் சாலை 20 கிமீ என்று வைத்தால், 80-ல் போனால் 15 நிமிடம், 100-ல் போனால் 12. அந்த மூன்று நிமிடத்தை சீலநாயக்கன்பட்டி தாண்டி ஊருக்குள் நுழைந்ததும் ஒரே ஒரு சிக்னல் தின்றுவிடும். மைலேஜைக் கூட்ட ஒரே ஒரு வேலைதான் செய்ய முடியும் என்றால், நான் சொல்வது இதுதான்: ஹைவேயில் 80-85.

ஆடி மாதம் அளக்கிறீர்களா? போகும்போது ஒரு எண், வரும்போது ஒரு எண் வரும். அம்மியே பறக்கும் காற்று கார் மைலேஜை விடுமா என்ன. போக வர இரண்டையும் சேர்த்தே எடுங்கள்.

ஊருக்குள் பழக வேண்டியது பிரேக்கை. தூரத்தில் சிவப்பு விளக்கு தெரிந்தவுடன் ஆக்ஸிலேட்டரை விட்டு, மெல்ல, நீளமாக பிரேக் பிடித்தால் பெரும்பாலான ஆற்றல் பேட்டரிக்குப் போகும். கடைசி நேரத்தில் அழுத்திப் பிடித்தால் மோட்டாரால் அவ்வளவையும் வாங்க முடியாது, மீதி டிஸ்க்கில் சூடாகப் போய்விடும். கிளம்பும்போது ரொம்பவும் ஆமை வேகம் வேண்டாம். ஓரளவு சுறுசுறுப்பாக வேகம் பிடித்துவிட்டு காலை லேசாக்கினால் இன்ஜின் அணைந்து மோட்டாரில் மிதக்கும்.

கடைவீதிக்கு 2 கிமீ போய் வருவதில் மைலேஜ் படுமோசமாக இருப்பதும் இயல்பு. குளிர்ந்த இன்ஜினையும் சைலன்சரில் உள்ள புகை வடிகட்டும் கருவியையும் சூடாக்க, முதல் சில நிமிடம் இன்ஜின் ஓடியே தீரும். நாலு வேலையை ஒரே ரவுண்டில் முடித்தால் இது ஒருமுறைதான் நடக்கும்.

மே மாதத்தில் ஏசி கணிசமாகத் தின்னும். கம்ப்ரசர் மின்சாரத்தில் ஓடுவதால் இன்ஜின் அணைந்த பிறகும் குளிர் வரும், அது நல்ல வசதி. ஆனால் உச்சி வெயிலில் ஒன்றரை கிலோவாட் இழுத்தால், பயன்படுத்தக்கூடிய அந்தப் பாதி பேட்டரி 15 நிமிடம்தான் தாங்கும், பிறகு சார்ஜ் செய்ய இன்ஜின் எழுந்துவிடும். நிழலில் நிறுத்துவதும், கிளம்பியதும் இரண்டு நிமிடம் கண்ணாடியை இறக்கி வெப்பத்தை வெளியே விடுவதும் உதவும். பல மாடல்களில் பேட்டரியைக் குளிரவைக்கும் காற்று பின்சீட் பக்கம் உள்ள துவாரம் வழியாகப் போகும். அதன் மேல் பையை வைத்து அடைத்துவிடாதீர்கள்.

கொல்லிமலை இறக்கத்தில்...

காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவு. ஏறும்போது மைலேஜ் ஒற்றை இலக்கத்துக்கு வந்தாலும் பயப்பட வேண்டாம். "இறங்கும்போது எல்லாத்தையும் திருப்பி எடுத்துடும்" என்று நினைப்பவர்களுக்கு ஒரு கணக்கு. 1,500 கிலோ கார் 1,000 மீட்டர் உயரம் இறங்கினால் விடுபடும் ஆற்றல் சுமார் 4 யூனிட். பேட்டரியில் இடம் இருப்பதோ அரை யூனிட்டுக்கும் குறைவு. பாதி இறக்கத்துக்கு முன்பே பேட்டரி நிரம்பிவிடும். அதன் பிறகு 'பி' மோட் இருந்தால் அதில் போட்டு, இன்ஜினையே பிரேக்காகப் பயன்படுத்த வேண்டும். பெட்ரோல் செலவாகாமல் இன்ஜின் மட்டும் சத்தமாகச் சுற்றும், அது கோளாறு இல்லை. பிரேக் பெடலை மட்டும் நம்பி இறங்கினால் பிரேக் சூடேறி பிடிக்காமல் போகலாம்.

போட்ட காசு திரும்புமா?

ஒரு கணக்குக்கு, ஹைபிரிட்டுக்குக் கூடுதலாகக் கொடுப்பது 2.5 லட்சம், பெட்ரோல் 100 ரூபாய் என்று வைப்போம். தினமும் சேலம் போய் வருகிறவர், வருடம் 16,000 கிமீ, ஹைவேயில் வேகமாக ஓட்டுகிறார். பெட்ரோல் கார் 15, ஹைபிரிட் 18 தருகிறது என்றால் வருடம் 178 லிட்டர் மிச்சம், 17,800 ரூபாய். போட்ட பணம் திரும்ப 14 வருடம் ஆகும். சேலம் டவுனுக்குள்ளேயே ஓட்டுகிற இன்னொருவர், அதில் பாதி, 8,000 கிமீ. பெட்ரோல் கார் 12, ஹைபிரிட் 21. அவருக்கு மிச்சம் 286 லிட்டர், 28,600 ரூபாய். ஒன்பது வருடத்துக்குள் திரும்பிவிடும். பாதி தூரம்தான் ஓட்டுகிறார், ஆனால் மிச்சம் ஒன்றரை மடங்குக்கு மேல். மாருதி, டொயோட்டா இரண்டும் ஹைபிரிட் பேட்டரிக்குத் தரும் வாரண்டி 8 வருடம் அல்லது 1.6 லட்சம் கிமீ என்பதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இவை உதாரண எண்கள். உங்கள் எண் வேண்டுமானால், புது காருக்கு புக்கிங் போடும் முன்பு, இப்போது வைத்திருக்கும் காரை மூன்று டேங்க் அளந்துவிடுங்கள். டெஸ்ட் டிரைவ் எடுக்கும்போது ஷோரூமைச் சுற்றி ஐந்து நிமிடம் ஓட்டித் திரும்பாமல், தினமும் போகும் ரோட்டில், ஏசி போட்டு, உங்கள் வழக்கமான வேகத்தில், ட்ரிப் மீட்டரை ஜீரோ ஆக்கி, குறைந்தது 40-50 கிமீ போய்வரக் கேளுங்கள். டெஸ்ட் டிரைவ் காரில் டேங்க் நிரப்பி அளக்க வழியில்லை, திரையைத்தான் பார்க்க வேண்டியிருக்கும். அதில் வரும் எண்ணிலிருந்து ஒன்றோ ஒன்றரையோ கழித்துவிட்டு மேலே உள்ள கணக்கைப் போடுங்கள்.